ஜாக் யேட்ஸ்: 50 வயசுக்கு மேல ரூட்ட மாத்தின அயர்லாந்து ஓவியர்

அயர்லாந்து தனி நாடா போய் கலந்துகிட்ட மொத ஒலிம்பிக்ஸ் 1924ல பாரிஸ்ல நடந்தது. அதுல அந்த நாட்டுக்கு கெடச்ச வெள்ளி மெடல வாங்கினவர் ஓட்டக்காரரும் இல்ல பாக்ஸரும் இல்ல, 52 வயசு ஓவியர், பேரு ஜாக் பி. யேட்ஸ். ஓவியத்துக்கு எதுக்குய்யா ஒலிம்பிக் மெடல்னு கேட்டா, 1912ல இருந்து 1948 வரைக்கும் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, இலக்கியம், இசைன்னு அஞ்சு பிரிவுல போட்டி வச்சிருந்தாங்க, விளையாட்ட பத்தின படைப்பா இருக்கணும்ங்கறது கண்டிஷன். அப்புறம் அத நிறுத்திட்டாங்க, இப்ப நாடு வாரியா மெடல் எண்ணும்போது அதெல்லாம் கணக்குலயே வராது. அதே வருஷம் இலக்கியத்துல ஆலிவர் செயின்ட் ஜான் கோகர்ட்டிக்கு வெண்கலம். ஸோ விளையாட்டுல ஒண்ணும் இல்லாம கலையில ரெண்டு மெடலோட அந்த டீம் ஊர் திரும்புச்சு.

யேட்ஸ்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றவர் அண்ணன் டபிள்யூ. பி. யேட்ஸ், தாகூரோட ஆங்கில கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதின கவிஞர். அண்ணனுக்கு 1923ல நோபல், அடுத்த வருஷமே தம்பிக்கு ஒலிம்பிக் வெள்ளி. வெளி உலகத்துக்கு ஜாக் இன்னும் 'கவிஞரோட தம்பி'தான், ஆனா அயர்லாந்துல அவருக்கு வேற ஒரு பட்டம் இருக்கு, தேசிய ஓவியர். விடுதலைப் போராட்டத்தையும் உள்நாட்டுப் போரையும் மேற்குக்கரை ஏழை ஜனங்களையும் வரைஞ்சவர்னு ஸ்கூல் புக்ல வர்ற மாதிரி ஒரு இமேஜ். அது பொய்யும் இல்ல. ஆனா அந்தப் பட்டம் அவர் வாழ்க்கையோட முதல் பாதிக்குத்தான் பொருந்துது, அவரோட பெரிய வேலையெல்லாம் அந்த மாதிரி வரையறத விட்டதுக்கு அப்புறம் வந்ததுன்றதுதான் என் எண்ணம். ஏன்னு சொல்றேன்.

பொறந்தது 1871ல, அதுவும் லண்டன்ல. அப்பா ஜான் பட்லர் யேட்ஸ் வக்கீல் படிப்பு படிச்சிட்டு அத தூக்கிப் போட்டுட்டு போர்ட்ரெய்ட் வரைய வந்தவர், திறமைசாலி, ஆனா ஒரு படத்த முடிச்சுக் குடுக்க மனசே வராது, திருத்திக்கிட்டே இருப்பாரு, அதனால வீட்டுல எப்பவும் காசு தட்டுப்பாடு. கடைசில நியூயார்க் போனவர் திரும்பி வரவே இல்ல, 1922ல அங்கேயே செத்துப்போனாரு. சின்னப்பையன் ஜாக்க 8 வயசுல, அயர்லாந்து மேற்குக்கரையில அம்மாவோட ஊரான ஸ்லைகோவுக்கு அனுப்பிட்டாங்க, தாத்தா பாட்டி வீட்டுக்கு. தாத்தா வில்லியம் பொலெக்ஸ்ஃபென் கப்பலும் மில்லும் வச்சிருந்தவர். அங்க 16 வயசு வரைக்கும் இருந்தாரு. துறைமுகம், கப்பக்காரங்க, குதிரை ரேஸ், ஊருக்கு வர்ற சர்க்கஸ், சந்தை, தெருவுல பாட்டு பாடி பாட்டுத்தாள் விக்கறவங்க, இதையெல்லாம் பாத்துகிட்டே அலைஞ்ச எட்டு வருஷம். தன்னோட ஒவ்வொரு ஓவியத்துலயும் எங்கயாவது ஒரு மூலையில ஸ்லைகோ நெனப்பு இருக்கும்னு பின்னாடி அவரே சொல்லிருக்காரு. இது சும்மா ஊர்ப்பாசத்துல சொன்னதுன்னு தள்ளிட முடியாது, 70 வயசுல வரைஞ்ச படத்துலயும் அந்த சர்க்கஸ் ஆளுங்களும் குதிரைகளும் வந்துகிட்டே இருக்காங்க.

16 வயசுல லண்டன் திரும்பி ஆர்ட் ஸ்கூல் சேர்ந்தாரு, ஆனா குடும்ப நெலமைக்கு சம்பாதிக்கவும் வேணும்ல, உடனே பத்திரிகைக்கு வரைய ஆரம்பிச்சாரு. 1888ல 'தி வெஜிடேரியன்'னு ஒரு வாரப் பத்திரிகையில அவரோட ஆரம்பகாலப் படங்கள் வந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு இதே பத்திரிகையிலதான் லண்டன்ல சட்டம் படிச்சிட்டிருந்த காந்தியோட முதல் கட்டுரைகளும் வந்துச்சு, சம்பந்தமே இல்லாத ரெண்டு பேரு ஒரே பத்திரிகையில. அப்புறம் குதிரை ரேஸ் பத்திரிகை, காமிக்ஸ், போஸ்டர்னு கெடச்சதெல்லாம் வரைஞ்சாரு. ஷெர்லாக் ஹோம்ஸ கிண்டல் பண்ணி 'சப்லாக் ஹோம்ஸ்'னு ஒரு துப்பறியும் காமிக் 1890கள்ல போட்டாரு. இதுல ரொம்ப ருசியான விஷயம், 1910ல இருந்து பல வருஷம் 'பஞ்ச்'ங்கற லண்டன் நகைச்சுவைப் பத்திரிகைக்கு டபிள்யூ. பேர்ட்னு பொய்ப்பேர்ல கார்ட்டூன் வரைஞ்சிட்டிருந்தாரு, சீரியஸ் ஓவியர்னு நாடே கொண்டாடற காலத்துலயும் இந்த வேலை ஓடிட்டுதான் இருந்துச்சு, அத வெளிய சொல்லிக்கவே இல்ல.

இந்த கார்ட்டூன் பின்னணிய கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா அவரோட முதல் 25 வருஷ வேலை முழுக்க கோடுதான். கறுப்பு அவுட்லைன் போட்டு, உள்ள கலர் நிரப்பி, ஒரு சம்பவத்தையோ ஒரு ஆளோட கேரக்டரையோ டக்குனு காட்டறது. அதுல கெட்டிக்காரர். 1905ல நாடக ஆசிரியர் ஜே. எம். சிங்கும் இவரும் சேர்ந்து மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகைக்காக கானமாரா, மேயோ பக்கமெல்லாம் சுத்தினாங்க. நெலம் போதாம ஜனம் நெருக்கியடிச்சு வாழ்ந்த, பஞ்சம் அடிக்கடி எட்டிப்பாத்த மேற்குப் பகுதி அது. சிங் எழுத, இவர் வரைய, தொடரா வந்துச்சு. ரோடு போடற நிவாரண வேலைக்கு வந்த பொம்பளைங்க, கடல்பாசி சேக்கறவங்க, படகுக்காரங்கன்னு வர்ற அந்த ஸ்கெட்ச்கள்ல பரிதாபம் தேடற பார்வையே இருக்காது. அந்த ஆளுங்க நிமிந்து நிக்கறாங்க. 1907ல வந்த சிங்கோட ஆரன் தீவுகள் புத்தகத்துக்கும் படம் போட்டது இவர்தான். அக்காங்க ரெண்டு பேரும் நடத்தின கூவலா பிரஸ்ல 1908ல இருந்து ஏழு வருஷம் மாசாமாசம் வந்த பாட்டுத்தாளுக்கும் இவர் படம்தான். (அதே கூவலா பிரஸ்தான் 1914ல தாகூரோட 'அஞ்சலகம்' நாடகத்தையும் போட்டுச்சு.)

இதுக்கு நடுவுல 1894ல மேரி காட்டன்ஹாம் ஒயிட், எல்லாரும் கூப்பிட்ட பேரு காட்டி, அவங்கள கல்யாணம் பண்ணிகிட்டாரு, அவங்களும் ஆர்ட் ஸ்டூடண்ட். கொஞ்ச வருஷம் இங்கிலாந்துல டெவன்ல கிராமத்து வீடு, அங்க ஊர்ப் பசங்களுக்காக அட்டையில குட்டி நாடக மேடை செஞ்சு கடல்கொள்ளைக்காரன் கதையெல்லாம் போட்டுக் காட்டுவாராம். 1910ல அயர்லாந்துக்கே குடி வந்தாங்க, மொதல்ல கிரேஸ்டோன்ஸ், 1917ல டப்ளின். 1913ல நியூயார்க்ல நடந்த ஆர்மரி ஷோங்கற புகழ்பெற்ற நவீன ஓவியக் கண்காட்சியிலயும் இவர் படங்கள் இருந்துச்சு. ஆனா மத்திஸ், டூஷாம்ப பாத்து வாயப் பொளந்த கூட்டத்துல இவர யார் கண்டுக்கப்போறாங்க.

1915, 16 பக்கம் மனசு ரொம்ப ஒடஞ்சுபோய் கொஞ்ச காலம் சரியா வேலையே செய்ய முடியாம இருந்தாரு. அந்தக் காலத்துல வந்ததுதான் 'பேச்சலர்ஸ் வாக், நினைவாக'. 1914 ஜூலை 26 அன்னிக்கு ஹௌத் துறைமுகத்துல தேசியவாத தொண்டர்கள் துப்பாக்கி இறக்கினாங்க, அத தடுக்கப்போய் ஒண்ணும் நடக்காம திரும்பின பிரிட்டிஷ் சிப்பாய்ங்க, டப்ளின்ல பேச்சலர்ஸ் வாக்ங்கற ஆத்தங்கரை ரோட்டுல கிண்டல் பண்ணி கல்லெறிஞ்ச கூட்டத்து மேல சுட்டுட்டாங்க, சாதாரண ஜனங்க செத்தாங்க. வேற யாராவது வரைஞ்சிருந்தா புகை, ரத்தம், துப்பாக்கின்னு வந்திருக்கும். யேட்ஸ் வரைஞ்சது, அப்புறம் ஒரு நாள் அந்த வழியா போற ஒரு பூக்காரப் பொண்ணு, ஆள் விழுந்த வாசப்படி பக்கம் ஒரு பூவ போட்டுட்டுப் போறா. பின்னாடி ஆறும் பாலமும் எப்பவும் போல. அவ்வளவுதான் படம்.

உள்நாட்டுப் போர்ல வீடே ரெண்டாச்சு. பிரிட்டனோட போட்ட 1921 ஒப்பந்தத்த ஏத்துகிட்டு அண்ணன் புது அரசாங்கத்துல செனட்டர் ஆயிட்டாரு, தம்பி ஒப்பந்தத்த எதிர்த்த குடியரசு பக்கம். பெருசா மேடையில பேசினதில்ல, ஆனா வரைஞ்சாரு. 1922ல அரசுப்படை சுட்டதுல செத்த குடியரசுப் பக்கத் தலைவர் ஹாரி போலண்டோட சவ அடக்கம், கிளாஸ்னெவின் இடுகாட்டுல. 1924 வாக்குல 'கைதிகளோடு பேசுதல்', இது எனக்கு ரொம்பப் புடிச்ச படம். ஜெயில் கோபுரத்து ஜன்னல்ல பெண் கைதிகள், கீழ ரோட்டுல நிக்கற பொம்பளைங்க அண்ணாந்து பாத்து அவங்களோட கத்திப் பேசறாங்க, நடுவுல ஒரு பெரிய விளம்பரப் பலகை, அதுல கலர் கலரா போஸ்டர். அரசியல் அவ்வளவு கொதிச்சிட்டிருக்கும்போதும் அந்த போஸ்டர விடாம வரைஞ்சான் பாருங்க, அது பழைய பத்திரிகைக்காரன் கண்ணு. இந்த ரெண்டு படமும் இப்ப ஸ்லைகோவுல 'தி மாடல்'ங்கற ஆர்ட் சென்டர்ல இருக்கு.

இப்ப மெடல் படத்துக்கு வருவோம். 'லிஃபி நீச்சல்', வரைஞ்சது 1923. டப்ளின் நடுவுல ஓடற லிஃபி ஆத்துல 1920ல ஆரம்பிச்ச வருடாந்திர நீச்சல் போட்டி, இன்னிக்கும் நடக்குது. நீச்சல் போட்டி படத்துல நீங்க தேடற நீச்சல்காரங்க ஆளே இல்லாத மாதிரிதான் இருப்பாங்க, தண்ணியில நாலஞ்சு பிரஷ் இழுப்பு, ஒரு கை, ஒரு தலை. படத்த அடைச்சுகிட்டு நிக்கறது கரையில கூட்டம். அதுவும் முதுகு. தொப்பி, தோள்பட்டை, எட்டிப்பாக்கற கழுத்து, அந்தப்பக்கம் உயரத்துல நின்னு பாக்கற இன்னும் கொஞ்சம் ஜனம். பாக்கற நம்மளையும் அந்தக் கூட்டத்துக்குள்ளயே நிக்க வச்சிடறாரு, முன்னாடி நிக்கறவர் தொப்பி மறைக்குது, நாமளும் கொஞ்சம் எக்கிப் பாக்கணும் போல தோணும். உள்நாட்டுப் போர் முடிஞ்ச வருஷத்துல வரைஞ்ச படம் இது, ஒரே ஊர் ஜனம் ஒருத்தர ஒருத்தர் சுட்டுகிட்டது ஓஞ்ச கையோட எல்லாரும் சேர்ந்து ஒரே பக்கம் எட்டிப்பாக்கற காட்சி. அத வேணும்னு நெனச்சு வரைஞ்சாரான்னு சொல்லத் தெரியல, ஆனா அப்படிப் பாக்காம இருக்கவும் முடியல. பெயிண்ட்ட பாத்தீங்கன்னா இங்கயே கோடு கலைய ஆரம்பிச்சிருக்கும். அவுட்லைன் போட்டு உள்ள நிரப்பற பழக்கம் போய், கலரே உருவமா மாற ஆரம்பிக்குது.

மெடல் வாங்கி பேரும் வந்தாச்சு, 50 வயசும் தாண்டியாச்சு, தேசிய ஓவியர்ங்கற நாற்காலி காலியா கெடக்கு. வேற ஒருத்தரா இருந்தா அதே ஸ்டைல்ல இன்னும் 30 வருஷம் ஓட்டியிருப்பாரு. இவர் 1920களோட நடுவுல எல்லாத்தையும் மாத்திட்டாரு. பிரஷ்ஷ பாதி ஓரங்கட்டிட்டு பேலட் கத்தி, விரல், நேரா ட்யூப்ல இருந்து கேன்வாஸ் மேல பிதுக்கின பெயிண்ட். ஒரு எடத்துல வெண்ணெய் மாதிரி தடிமனா மேடு கட்டி நிக்கும், பக்கத்துலயே துணிய வச்சு தொடச்ச மாதிரி வெறும் கேன்வாஸ் தெரியும். நீலமும் மஞ்சளும் கொட்டிக் கெடக்கும். கிட்ட போனா வெறும் பெயிண்ட் குவியல், ரெண்டு எட்டு பின்னால வந்தா திடீர்னு ஒரு குதிரை, ஒரு மொகம். யாரு முன்னாடியும் வரைய மாட்டாரு, சிஷ்யன்னு ஒருத்தரையும் வச்சுக்கல, அதனால எப்படி செஞ்சாருன்னு நேர்ல பாத்துச் சொன்ன சாட்சியே இல்ல.

விஷயமும் மாறிடுச்சு. முன்னாடி ஒரு சம்பவத்த பாத்து வரைவாரு, இப்ப நெனவுல இருந்து வரையறாரு. 200க்கு மேல ஸ்கெட்ச் நோட்டு சேத்து வச்சிருந்தாரு, பழைய நோட்டப் புரட்டி 40 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் பாத்த ஆள எடுத்து, அந்த ஆள் நெனவுல எப்படிக் கலங்கி நிக்கறாரோ அப்படியே. 'ஒரு காலை'ன்னு 1935, 36ல ஒரு சின்ன படம், விடியக்காலையில ஸ்லைகோ தெருவுல குதிரை மேல ஒருத்தன் கிளம்பறான், கதை ஒண்ணும் கெடையாது. அந்தப் படத்து மேல பைத்தியமாகி, கையில காசில்லாம 30 பவுண்ட தவணையில கட்டி வாங்கினவர் ஒரு இளம் எழுத்தாளர், சாமுவேல் பெக்கெட். அப்ப பெக்கெட்ட யாருக்கும் தெரியாது. தாமஸ் மக்ரீவிங்கற நண்பர் மூலமா யேட்ஸ்கிட்ட அறிமுகம் ஆகி, டப்ளின் வரும்போதெல்லாம் ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கத்துல இருந்த அவர் ஸ்டூடியோவுக்கு போவாரு. 1942ல யேட்ஸ் வரைஞ்ச 'இரு பயணிகள்' படத்துல கடலோர கரடுமுரடு பாதையில ரெண்டு பேரு நின்னு பேசிக்கறாங்க, அதுக்கும் சில வருஷம் கழிச்சு பெக்கெட் எழுதின 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்துல ரோட்டோரமா நிக்கற ரெண்டு பேருக்கும் முடிச்சு போடறவங்க நெறய. அங்க இருந்துதான் எடுத்தார்னு அடிச்சு சொல்ல ஆதாரம் கெடையாது, ஆனா படத்த பாத்தா அந்த சந்தேகம் வராம இருக்காது.

தேசிய ஓவியர் சண்டை இங்கதான் ஆரம்பிக்குது. 1945ல டப்ளின்ல யேட்ஸுக்கு பெரிய தேசிய கண்காட்சி நடந்தப்போ மக்ரீவி ஒரு புத்தகம் போட்டாரு, அயர்லாந்து ஜனங்களோட வாழ்க்கைய அவங்களுக்கே முதல்முறையா காட்டின ஓவியர்னு அதுல வாதம். (இதே மக்ரீவி 1950ல அயர்லாந்து தேசிய கேலரிக்கு டைரக்டர் ஆனவர்.) ரெண்டு பேருக்குமே ஃப்ரெண்டான பெக்கெட், ஐரிஷ் டைம்ஸ்ல அந்தப் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதினாரு, மரியாதையாத்தான், ஆனா இந்த தேசிய விஷயத்த ரொம்ப அழுத்திட்டீங்கன்னு சொல்லிட்டாரு. அப்புறம் 1954ல பிரெஞ்சுல யேட்ஸ பத்தி ஒரு பக்கம் எழுதினாரு, தன்னையே பணயம் வச்சு வேலை செய்யற கலைஞனுக்கு சொந்த ஊரும் கெடையாது, கூடப்பொறந்தவனும் கெடையாதுன்னு. நோபல் அண்ணன் வச்சிருக்கற ஆளுக்கு இத எழுதறதுக்கு தைரியம் வேணும். நான் பெக்கெட் கட்சி. ஆனா முழுசா இல்ல, ஏன்னா ஸ்லைகோவ எடுத்துட்டா அந்த கடைசிப் படங்கள்ல ஒண்ணும் மிஞ்சாது, அவர் விட்டது நாட்டையா, இல்ல நாட்டுக்கு நடந்த சம்பவங்களையான்னு கேட்டா ரெண்டாவதுன்னுதான் தோணுது.

1947ல காட்டி போய்ட்டாங்க. குழந்தைங்க கெடையாது. அப்ப அவருக்கு 75 வயசு. அதுக்கப்புறம் வந்த ஏழெட்டு வருஷ வேலைதான் அவர பெரிய ஓவியர்னு சொல்ல வைக்குது. 'பாடும் குதிரைக்காரன்' 1949, ஒரு பையன் தலைய பின்னால சாய்ச்சு பாடிகிட்டே போறான், சுத்தியும் நீலம், குதிரையும் சேர்ந்து பாடற மாதிரியே இருக்கும். அதே வருஷம் 'இரவே இல்லை', வெட்டவெளியில படுத்திருக்கற ஒருத்தன் எழுந்திரிக்கறான், தூரத்துல ஒரு வெள்ளைக் குதிரை அவனப் பாத்து வருது. 1951ல 'துக்கம்', ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஆறு வருஷம் ஆன நேரம், குதிரை மேல ஒருத்தன், கலங்கி நிக்கற கூட்டம், கைய நீட்டற ஒரு கெழவர், குழந்தைய அணைக்கற ஒரு பொண்ணு, எந்த ஊரு எந்தப் போருன்னு கண்டுபிடிக்கவே முடியாது. பேச்சலர்ஸ் வாக் படத்துக்கு தேதி இருக்கு, தெரு பேரு இருக்கு. இதுல ஒண்ணும் இல்ல. 36 வருஷத்துல அவர் வந்த தூரம் அது. 1955 வாக்குல வரையறத நிறுத்திட்டாரு, 1957 மார்ச்ல டப்ளின்ல ஒரு நர்ஸிங் ஹோம்ல காலமானாரு.

எல்லாமே சூப்பர்னு சொல்ல மாட்டேன். ஆயிரத்துக்கு மேல ஆயில் பெயிண்டிங் போட்டவரு, கடைசிகாலத்துல சிலது வெறும் கலர்ச் சேறு, சிலதுக்கு வச்ச தலைப்பு படத்த விட கனமா இருக்கும். ஊர் ஊரா அலையற நாடோடி, தனியா நிக்கற நடிகன், வழிப்போக்கன்னு ஒரே டைப் ஆளுங்கள திரும்பத் திரும்ப பாக்கும்போது கொஞ்சம் செண்டிமெண்ட்டாவும் படும். ஐரோப்பால இவரோட சேத்துப் பேசப்படற ஆள்னா ஆஸ்திரிய ஓவியர் கொக்கோஷ்கா, ரெண்டு பேரும் நண்பர்களும்கூட, ஆனா கொக்கோஷ்காவுக்கு வியன்னாங்கற ஒரு சூழல் இருந்துச்சு, இவர் தனி ஆள். டப்ளின்லயே நவீன ஓவியம்னா பாரிஸ் போய் உருவத்த துண்டு துண்டா ஒடச்சுக் காட்டற கியூபிசம் கத்துகிட்டு வந்த மேய்னி ஜெல்லட் மாதிரி ஆளுங்கதான், இவர் எந்தக் குழுவுலயும் இல்ல. இவர் ஸ்டைல அப்படியே எடுத்துகிட்டு போனவங்கன்னு சொல்லிக்கற மாதிரியும் பெருசா யாரும் வரல, வந்திருந்தா நகலாத்தான் இருந்திருக்கும்.

வெளிநாட்டு அங்கீகாரம் லேட்டா, அரைகுறையா வந்துச்சு. 1942ல லண்டன் நேஷனல் கேலரியில ஆங்கில ஓவியர் வில்லியம் நிக்கல்சனோட சேர்ந்து ஒரு கண்காட்சி, 1948ல டேட் கேலரி, 1951, 52ல அமெரிக்கா. உள்ளூர்ல விலை ஏறினதுக்கு முக்கிய காரணம் 1943ல இருந்து இவர் படங்கள வித்த டீலர் விக்டர் வாடிங்டன். இறந்ததுக்கு அப்புறம் கதையே வேற, 1947ல வரைஞ்ச 'தி வைல்ட் ஒன்ஸ்' 1999 ஏலத்துல 12 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு, அயர்லாந்து பொருளாதாரம் கொழுத்த நேரம், புதுப் பணக்காரங்க எல்லாருக்கும் வீட்டுல ஒரு யேட்ஸ் வேணும். எர்னி ஓ'மாலின்னு குடியரசுப் படைத் தளபதியா இருந்து எழுத்தாளரானவர் வாங்கி வச்சிருந்த 'ரெவரி' 2019ல 14 லட்சம் யூரோ. தவணையில 30 பவுண்ட் கட்டின பெக்கெட்டோட கண்ணுக்கு ஒரு சலாம் போடலாம்.

நேர்ல பாக்கணும்னா டப்ளின் தேசிய கேலரிதான், நீச்சல் படம், பாடும் குதிரைக்காரன், துக்கம் எல்லாம் அவங்ககிட்ட. அண்ணன் பொண்ணு ஆன் யேட்ஸ் குடுத்த ஸ்கெட்ச் நோட்டுகளும் அங்கதான். 150வது பிறந்த வருஷத்துக்கு 2021ல பெரிய கண்காட்சி வச்சாங்க, அதுக்கு நெனவுங்கறதையே மையமா எடுத்துகிட்டது எனக்கு திருப்தி. ஸ்லைகோ கலெக்ஷன உண்டாக்கினது நோரா நைலண்ட்னு ஒரு லைப்ரேரியன், அந்த அம்மா இல்லன்னா போலண்ட் படமெல்லாம் ஊருக்கு வந்திருக்காது. போன்ல பாத்தா போதாதான்னு கேட்டா, போதாது, அந்த பெயிண்ட் மேடு பள்ளம் எதுவும் ஸ்க்ரீன்ல தெரியாது. அவருக்கே தன் படங்கள பிரிண்ட் போடறது புடிக்காது, பெரும்பாலும் பர்மிஷன் குடுக்க மாட்டாரு. ஐரோப்பால காப்பிரைட் செத்ததுல இருந்து 70 வருஷம், அதாவது 2027 கடைசியோட முடியுது, அதுக்கப்புறம் காபி மக், போன் கவர், குளியலறை டைல்ஸ்னு எதுல வேணா போட்டுக்கலாம், கேக்க ஆளில்ல.